மிச்சத்தில் கேட்ட பாட்டுகள்

தென் லண்டனில் மிச்சம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஆங்கிலத்தில் பார்த்தால் அந்தப் பெயரில் ஒன்றுமில்லை, தமிழில் எழுதினால்தான் சிரிப்பு. 1985இல் நான் லண்டன் வந்து ஐந்தாம் மாதம், "தம்பி, மிச்சத்தில ஒரு வேலை இருக்கு, போறியோ?" என்று வீட்டில் இருந்த அண்ணை கேட்டார். யாரோ பாதியில் விட்டுப்போன வேலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததிலும் பெரிய பிழையில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஒன்பது மணிக்குப் போனால் விடிய ஆறு மணி. எனக்கு முதல் அங்கே நின்றவன் இரண்டு வாரத்தில் ஓடிவிட்டிருந்தான்.

அது ஒரு கண்ணாடிக் கூண்டு. பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு காசு, சிகரெட், மிச்சக்காசு எல்லாம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்பு இழுப்பறையால்தான் போய் வரும். நான் தள்ளினால் அவர் பக்கம், இழுத்தால் என் பக்கம். ஆட்களின் முகத்தைவிட அந்த இழுப்பறைக்குள் நீண்டு வரும் கைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேசைக்கு அடியில் ஒரு ரேடியோ கிடந்தது. யாரோ பெயின்ற் அடித்த இடத்தில் வைத்திருக்க வேண்டும், முகமெல்லாம் வெள்ளைப் பொட்டு.

அந்த நேரம் பிபிசியின் ரேடியோ 1 நாள் முழுக்க மத்திய அலையில்தான். கூண்டுக்குள் இருந்த ரியூப் லைற்றுக்கும் மத்திய அலைக்கும் ஆகவே ஆகாது. பாட்டோடு சேர்ந்து யாரோ அப்பளம் பொரிக்கிற சத்தமும் வரும். ஆனால் இரவு பத்து மணியானதும் ரேடியோ 2இன் எஃப்எம் அலைவரிசையை ரேடியோ 1 இரண்டு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ளும். முள்ளை அந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சல் சட்டென்று அடங்கி, பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு குரல் வரும். ஜோன் பீல். வாரத்தில் மூன்று இரவு, பத்திலிருந்து பன்னிரண்டு வரை.

ரேடியோவில் பேசுகிறவர்கள் என்றால் உற்சாகமாகப் பேச வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு இலங்கை வானொலிப் பழக்கம். இந்த மனிதர் படுக்கையை விட்டு எழும்ப மனமில்லாதவர் மாதிரிப் பேசுவார். சில நேரம் இசைத்தட்டைப் பிழையான வேகத்தில் போட்டுவிட்டு, கொஞ்சம் ஓடின பிறகு மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து போடுவார். எனக்கு அது பெரிய ஆறுதல். அன்றைக்குத்தான் நான் மூன்றாம் நம்பர் பம்புக்கான காசை ஐந்தாம் நம்பர் ஆளிடம் கேட்டு ஏச்சு வாங்கியிருந்தேன். பிபிசியில் ஒருவர் இரண்டு நாளைக்கு ஒருதரம் பிழைவிட்டும் வேலையில் இருக்கிறார் என்றால் எனக்கும் வழியிருக்கிறது.

பகலில் எல்லோரும் கேட்கும் பாட்டுகளை நானும் கேட்டேன். டுரான் டுரான், வாம், எல்லாம். அவை இன்றைக்கும் சுப்பர்மார்க்கெற்றில் வாழைப்பழம் எடுக்கும்போது தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கின்றன. மறந்தால்தானே ஏங்குவதற்கு? நான் ஏங்குவது மற்றதற்கு: சரியாகச் சுருதி சேராத கிதார், கிணற்றுக்குள் நின்று பாடுகிற குரல், ஐந்நூறோ ஆயிரமோ பிரதி மட்டும் அடித்த இசைத்தட்டு. எண்பதுகளின் பிரித்தானியாவில் அப்படி நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. பெரும்பாலான வெள்ளைக்காரருக்கே அவர்களைத் தெரியாது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது.

கேட்டதைப் பிடித்து வைக்க ஆசை வந்தது. வெற்றுக் கசெட் வாங்கக் காசு இல்லை. ரூட்டிங் வீட்டில் நாங்கள் ஏழு பேர், இரண்டு அறை, ஒரு கசெட் ரெக்கோர்டர். அண்ணையிடம் ஒரு தொண்ணூறு நிமிடக் கசெட் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பாருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து எடுத்து வந்த இளையராஜா பாட்டுகள், பாதிக்கு மேல் ஜானகி. அழிந்துவிடக்கூடாது என்று கசெட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் அவர் உடைத்து வைத்திருந்தார். காது இல்லாவிட்டால் மெஷினில் சிவப்புப் பொத்தான் அமுங்காது. ஆனால் அந்த ஓட்டையை செலோரேப் துண்டால் மூடினால் அமுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் கசெட்டையும் ரெக்கோர்டரையும் பையில் போட்டு வேலைக்குக் கொண்டு போனேன். பீ பக்கம்தான், அதுவும் கடைசிப் பத்து நிமிடம், அண்ணை அவ்வளவு தூரம் கேட்க மாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜூன் பிரைட்ஸ் என்ற லண்டன் குழு. கிதாரோடு ஒரு ட்ரம்பெற்றும் வயோலாவும். அந்த ட்ரம்பெற் எங்கள் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக்காரர் விளையாட்டுப் போட்டியன்று ஊதுகிற மாதிரியே இருக்கும், கொஞ்சம் பிசகி, ஆனால் முழு நெஞ்சோடு. பாட்டு முடிய முதலே ஒரு கை ஜன்னலைத் தட்டியது. நான் பதறிப்போய் மெஷினை நிறுத்தினேன். அவருக்கு வேண்டியது ஒரு தீப்பெட்டி.

மூன்று நாள் கழித்து அண்ணை பீ பக்கத்தைக் கடைசிவரை கேட்டார். "என்னடா இது, ஜானகிக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?"

அதற்குப் பிறகு வெற்றுக் கசெட்டைச் சம்பளத்தில் வாங்கத் தொடங்கினேன். பெயர்களை மட்டும் தமிழில் எழுதி வைத்தேன். எழுத்தில் இல்லை, அர்த்தத்தில். நடு இரவில் பொழுது போக வேண்டுமே. பாதி மனிதன் பாதி பிஸ்கட். கடை உதவியாளர்கள். லீட்ஸ் நகரத்து வெடிங் பிரசன்ற் குழுவுக்குக் கல்யாணப் பரிசு. அதனால் வந்த வினை: ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை அந்தக் கசெட்டை எடுத்து, ஜெமினி கணேசன் படத்துப் பாட்டு என்று சந்தோஷப்பட்டு, வீட்டுக்கு வந்திருந்த இரண்டு பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார். வெடிங் பிரசன்ற்காரர் கிதார் அடிக்கும் வேகத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விவரிக்கத் தேவையில்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த நாட்டின் வரைபடம் எனக்கு வந்ததும் இப்படித்தான். மற்றவர்கள் உதைபந்தாட்டக் குழுக்களை வைத்து ஊர்களைப் படித்தார்கள். எனக்கு பேர்மிங்ஹாம் என்றால் ஃபெல்ற், கிளாஸ்கோ என்றால் பாஸ்ரல்ஸ், டர்ஹம் என்றால் பிரிஃபாப் ஸ்பிரவுற். கிழக்கு லண்டனில் இருக்கும் பார்க்கிங் என்ற ஊரை நான் கார் நிறுத்துகிற இடம் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்துதான் மக்கார்த்தி வந்தார்கள். இனிப்பான மெட்டு, உள்ளே முழுக்க இடதுசாரி அரசியல். அதில் கிதார் வாசித்த ரிம் கேன்தான் பிறகு ஸ்டீரியோலாப் என்ற குழுவைத் தொடங்கினார்.

1986இல் என்எம்ஈ என்ற இசைப் பத்திரிகை ஒரு கசெட் வெளியிட்டது. பெயர் சீ86. இருபத்திரண்டு குழுக்கள், ஆளுக்கொரு பாட்டு. கடையில் கிடையாது, தபாலில்தான் எடுக்க வேண்டும், அதற்கான படிவம் பத்திரிகைக்குள். எங்கள் கூண்டிலும் பத்திரிகைகள் விற்றோம். விலைபோகாதவற்றை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் ஒரு பிரதியில் அந்தப் படிவத்தை பிளேட்டால் வெட்டி எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுக்கி வைத்தேன். முதலாளி கண்டுபிடித்து அந்த வாரச் சம்பளத்தில் கழித்தார். போஸ்டல் ஓடர் எடுத்த காசையும் சேர்த்தால், சம்பளத்தில் நல்ல ஒரு துண்டு போயிருந்தது.

கசெட் வந்தபோது பாதிப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஸ்டம்ப், பொக்ஷெட் எல்லாம் தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டிவிடுகிற மாதிரி. ஆனால் முதல் பாட்டு பிரைமல் ஸ்கிரீமுடையது, ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஒருவர் பெற்றோல் அடித்து முடிக்கிறதற்குள் தொடங்கி முடிந்துவிடும். அந்தக் குழு பிறகு எவ்வளவோ பெரிதாக வந்தது, மைதானங்களில் வாசித்தது. எனக்கு அந்த ஒன்றரை நிமிடம் போதும். சீ86 என்பது பிறகு ஒரு வகை இசையின் பெயராகவே ஆகிவிட்டது, பாதிப்பேர் வசைச் சொல்லாகவும் வைத்துக்கொண்டார்கள்.

பாதி மனிதன் பாதி பிஸ்கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஹாஃப் மேன் ஹாஃப் பிஸ்கட். லிவர்பூலுக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் பேர்க்கன்ஹெட் ஆட்கள். 1985இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பின் பெயர் பாக் இன் த டிஎச்எஸ்எஸ், பீற்றில்ஸின் பாக் இன் த யூஎஸ்எஸ்ஆர் பாட்டை வைத்து அடித்த பகிடி. டிஎச்எஸ்எஸ் என்றால் அப்போது வேலையில்லாதவருக்குக் காசு கொடுத்த அரசாங்கத் திணைக்களம். நாட்டில் முப்பது இலட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்த காலம். வந்த புதிதில் நானும் அந்த வரிசையில் நம்பர் துண்டோடு நின்றவன். இங்கிலாந்தில் எனக்கு உடனடியாக விளங்கிய முதல் பகிடி அந்தத் தொகுப்பின் பெயர்தான்.

உள்ளே இருந்த பாட்டுகள்? ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் ரீவியில் வருகிற ஆட்களின் பெயர்கள். எங்களிடம் ரீவி இல்லை. சீ86இல் அவர்கள் பாடியது நெரிஸ் ஹியூஸ் என்ற நடிகையைத் தனக்குப் பிடிக்காது என்று. யார் இவ? இரண்டு மணிக்கு டீசல் அடிக்க வரும் மினிகாப் ட்ரைவர் ஒருவர் பேர்க்கன்ஹெட்காரர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அன்றிலிருந்து அவர்தான் எனக்கு உரையாசிரியர். லிவர்பூலில் இரண்டு பெண்கள் ஒரு ஃபிளாற்றில் இருக்கும் பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றில் நடித்தவ என்று ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று விளக்கினார். திருக்குறளுக்குப் பரிமேலழகர் போல. ஜோன் பீலும் தங்கள் பக்கத்து ஆள்தான், ஹெஸ்வோலில் பிறந்தவர் என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் சொந்தக்காரனின் பெருமை இருந்தது.

அந்தக் குழுவைப் பற்றி அவர் சொன்ன கதை பிறகு பல இடங்களில் நான் வாசித்ததுதான். சானல் 4இல் வெள்ளிக்கிழமை மாலையில் த ரியூப் என்று பெரிய இசை நிகழ்ச்சி. ஒருதரம் அதில் முகம் காட்டினால் வாழ்க்கையே மாறும். இவர்களைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ட்ரான்மியர் ரோவர்ஸின் ஆட்டம் இருக்கிறது, வர முடியாது என்று விட்டார்கள். ட்ரான்மியர் அப்போது நாலாம் பிரிவில் உருண்டுகொண்டிருந்த குழு. இதைச் சொல்லும்போது மினிகாப்காரர் சிரிக்கவில்லை. வேறென்ன செய்வார்கள் என்ற மாதிரித்தான் சொன்னார்.

பிரிஃபாப் ஸ்பிரவுற் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெயர் பெற்றவர்கள், அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கலாமோ என்று சண்டைக்கு வருவீர்கள். எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. பாட்டு எழுதிப் பாடும் பாடி மக்கலூனின் குடும்பம் டர்ஹம் பக்கம் விற்றன் கில்பேர்ட் என்ற கிராமத்தில் பெற்றோல் நிலையம் நடத்தியது. அவரும் அங்கே பெற்றோல் அடித்தவர். இதை ஒரு பேட்டியில் வாசித்துவிட்டு அண்ணையிடம் ஓடினேன். "பெற்றோல் அடிக்கிறவன் பாட்டெழுதிறானாம் அண்ணை!" அண்ணை அமைதியாகக் கேட்டார்: "அப்ப மிச்சக்காசை ஆர் எண்ணிறது?"

1985இல் வந்த அவர்களுடைய ஸ்டீவ் மக்குவீன் தொகுப்பை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் மக்கலூன் 2003இல் தனிப் பெயரில் வெளியிட்ட ஒன்றுதான் எனக்குள் ஆழமாகப் போனது. இரண்டு கண்ணிலும் விழித்திரை கழன்று, வாசிக்க முடியாமல் வீட்டுக்குள் கிடந்த காலத்தில் அவர் ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். சிற்றலை, தொலைபேசியில் ஆட்கள் பேசும் நிகழ்ச்சிகள், யார் யாரோ அழுகிறது. அதிலிருந்து பொறுக்கிய வரிகளை வைத்து இருபத்திரண்டு நிமிட இசை ஒன்று செய்தார். பாட்டே இல்லை, ஒரு பெண் குரல் பேசிக்கொண்டே போகும். அதை முதல் தடவை கேட்டபோது எனக்கு அந்தக் கூண்டின் வாசம் வந்தது: பெற்றோல், ஈரக் கம்பளிச் சட்டை, ஹீற்றரில் கருகும் தூசி.

ஃபெல்றின் இசைத்தட்டு ஒன்றுக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். நொட்டிங்ஹில் கேற்றில் பழைய இசைத்தட்டு வாங்கி விற்கும் கடை இருந்தது. அங்கே உறையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் பழைய விலையை வெட்டிவிட்டு அதன் கீழே குறைந்த விலை எழுதுவார்கள். விலைபோகாவிட்டால் சில வாரத்தில் மறுபடி வெட்டுவார்கள். பொறுத்தால் மலிவு, அதிகம் பொறுத்தால் வேறொருவன் தூக்கிவிடுவான். வேலை முடித்துத் தூங்காமல் ரியூப் ஏறிப் போய் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வருவேன். மற்றவன் கண்ணில் படாமல் அதை ஜாஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வெட்டில் வாங்கினேன்.

அதில் ஒரு நீளமான பாட்டில் ஃபெல்ற் பாடகர் லோரன்ஸின் தட்டையான குரலுக்கு மேலே கொக்டோ ருவின்ஸ் என்ற குழுவின் எலிசபெத் ஃபிரேசர் பாடுவார். அந்த அம்மாவின் சொற்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவனுக்கும் பிடிபடாது. அந்த ஒரு பாட்டில் நானும் வெள்ளைக்காரனும் சரிசமம். லோரன்ஸ் பத்து வருடத்தில் பத்துத் தொகுப்பு, பத்து சிங்கிள் என்று கணக்கு வைத்து, 1989இல் கடையைப் பூட்டினார். ஒன்றுகூடப் பெரிதாக விற்கவில்லை.

அப்புறம் வயல் எலிகள். ஃபீல்ட் மைஸ். பிரிஸ்டலில் இரண்டு பேர் ஒரு வீட்டிலிருந்து நடத்திய சேரா ரெக்கோர்ட்ஸ் வெளியிட்ட குழு. அந்தக் கம்பனியின் சின்ன இசைத்தட்டுகள் பிளாஸ்ரிக் பைக்குள் மடித்த தாள் உறையோடு வரும். உள்ளே துண்டுக் காகிதத்தில் ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள், ஊர்க் கதை, கோபம், அரசியல். கடிதம் வந்த மாதிரி இருக்கும். எனக்கு அந்த வருடங்களில் ஊரிலிருந்து ஒழுங்காகக் கடிதம் வராது. 1987இல் தொடங்கி, நூறாவது வெளியீட்டோடு 1995இல் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். நட்டப்பட்டு அல்ல, நூறு போதும் என்று.

ஃபீல்ட் மைஸின் முதல் சிங்கிள் 1988இல் வந்தது. மெல்லிய குரல், மலிவான ட்ரம் மெஷின், பேசத் தைரியமில்லாத ஒருவன் பேசுகிற மாதிரிப் பாட்டு. பிரிஸ்டல் கம்பனி என்றபடியால் பிரிஸ்டல் பொடியன்கள் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் 1991இல் பிரிந்துவிட்டார்கள். நானும் பெற்றோல் நிலையத்தை விட்டுப் போய், கலியாணம் கட்டி, சொந்தமாகச் சின்னக் கடை ஒன்று போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாள் மறுபதிப்புத் தொகுப்பின் உள்தாளை வாசிக்கும்போதுதான் பார்க்கிறேன்: ஃபீல்ட் மைஸின் ரொபர்ட் ராற்றனும் மைக்கல் ஹிஸ்கொக்கும் மிச்சத்துக்காரர்.

மிச்சம்! 1685இலிருந்து கிரிக்கெற் ஆடுகிறார்கள் என்று பெருமை பேசும் அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில், அதே வருடங்களில், நான் ரேடியோ முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்த அதே ஊரில். ஒருவேளை அந்த இழுப்பறைக்குள் வந்த கைகளில் ஒன்று அவர்களுடையதாக இருக்குமோ என்று கொஞ்ச நாள் யோசித்தேன். இருக்காது. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் பஸ்ஸில் போய் வருகிற ஆட்களுடைய பாட்டு மாதிரித்தான் இருக்கும், பெற்றோல் தேவைப்படாது.

இந்தக் குழுக்களில் ஒன்றைக்கூட அந்தக் காலத்தில் நான் மேடையில் பார்க்கவில்லை. கச்சேரி இரவில், என் வேலையும் இரவில். 2004 ஒக்டோபரில் ஜோன் பீல் பெருவில் விடுமுறையில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார், வயது 65. செய்தி வந்தபோது கடையில் ஒரு அம்மாவுக்கு லொத்தர் சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். எண்ணைப் பிழையாக அடித்துவிட்டேன்.

வெடிங் பிரசன்ற் 2017இல் ஜோர்ஜ் பெஸ்ற் தொகுப்பின் முப்பதாவது வருடத்துக்கு அதை முழுசாக வாசித்துச் சுற்றுலா போனார்கள். மகள் ரிக்கெற் எடுத்துத் தந்தாள், தானும் வந்தாள். மண்டபம் முழுக்க ஐம்பது தாண்டிய வெள்ளைக்கார ஆண்கள், முக்கால்வாசி மொட்டை. டேவிட் கெட்ஜ் அதே வேகத்தில் கிதார் அடித்தார், எப்படி மணிக்கட்டு தாங்குகிறதோ. "அப்பா, இவ்வளவு பேருக்கும் இந்தப் பாட்டுத் தெரியுமா?" என்று மகள் காதுக்குள் கேட்டாள். எனக்கும் அதே அதிர்ச்சிதான். முப்பது வருடம் எனக்கு மட்டும் தெரிந்த பாட்டு என்று வைத்திருந்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போன மாதம் பழைய கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று மகள் பெட்டியை எடுத்தாள். செலோரேப் மஞ்சளாகிக் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. கசெட் மட்டும் ஓடியது. அண்ணையின் கையெழுத்து இன்னும் உறையில் இருக்கிறது, பாட்டுக்கு முன்னால் வரிசை எண் போட்டு. பீ பக்கத்தின் கடைசியில் ஜூன் பிரைட்ஸ் வருகிறது, ட்ரம்பெற் மேலே ஏறுகிறது, ஏறுகிற இடத்தில் ஒரு டக், பிறகு ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஜானகி. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு, அந்த ட்ரம்பெற்றை வேறெங்காவது கேட்டாலும் அடுத்து ஜானகி வருவார் என்று என் காது காத்திருக்கும். "இந்தத் துண்டை வெட்டிவிடவா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அண்ணை இப்போது ரொறன்ரோவில். வருடப் பிறப்புக்குப் பிறப்பு தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரித்து, பிள்ளைகளைக் கேட்டு, வைக்கப் போகிற நேரத்தில் ஒரு கேள்வி இருக்கும்.

"தம்பி, அந்த ஜானகி ரேப்பை எப்ப தரப்போறாய்?"